விண்ணைத் துழாவும் கண்கள் – 14: இரவல் கண்ணாடியும் ஈயச் சில்லுகளும்

ஆயிரம் கோடி டாலர் விழுங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது, ஏறக்குறைய அதில் நாற்பதில் ஒரு பங்குச் செலவில் உருவான ஸ்விஃப்ட்.

நாசாவின் எக்ஸ்ப்ளோரர் வரிசை 1958-ல் தொடங்கியது. அதில் நடுத்தரச் செலவுத் திட்டங்களுக்கு 'மிடெக்ஸ்' என்று பெயர். ஒரு தலைமை விஞ்ஞானி, தெளிவான ஒரு கேள்வி, மீறக்கூடாத செலவு வரம்பு. இவற்றோடு போட்டியில் ஜெயித்தால்தான் காசு. 1999-ல் விஞ்ஞானி நீல் கெரல்ஸின் குழு ஸ்விஃப்ட் திட்டத்தோடு ஜெயித்தது.

அவர்கள் கையில் எடுத்த கேள்வி, விண்ணில் திடீரென்று பளிச்சிடும் காமாக் கதிர் வெடிப்பு எதனால் நேர்கிறது என்பது. அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-ல் தற்செயலாக அதைப் பதிவு செய்தன. வெளியுலகுக்குத் தெரிந்தது 1973-ல்தான். வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். பின்னால் கசியும் ஒளியும் மளமளவென்று மங்கும். 1997-ல் இத்தாலியின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் முதன்முறையாக அந்தப் பின்னொளியைப் பிடித்தபோது, கருவியைத் திருப்புவதற்கே எட்டு மணி நேரம் ஆயிற்று. மனிதர் கட்டளைக்குக் காத்திராமல் தானே திரும்பும் செயற்கைக்கோள் வேண்டியிருந்தது.

ஸ்விஃப்ட்டின் மேல்பகுதியில் சுமார் 52,000 ஈயச் சில்லுகள் ஒழுங்கில்லாமல் பதிக்கப்பட்ட ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் சதுரம். கீழே 32,768 உணரிகள். காமாக் கதிர் வந்து விழுந்தால், சில்லுகளின் நிழல் உணரிகள்மீது படியும். நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, கதிர் வந்த திசையைக் கணினி கண்டுபிடிக்கும். உடனே செயற்கைக்கோள் திரும்பும்; ஒன்றரை நிமிடத்துக்குள் எக்ஸ்ரே தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அந்த எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடி ஸ்விஃப்ட்டுக்காகச் செய்ததல்ல. ரஷ்யாவின் ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் விண்கலத்துக்காக ஐரோப்பியர் செய்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய, பொன் பூசிய 12 நிக்கல் உருளைகள். சோவியத் யூனியன் சிதறியபின் அந்தத் திட்டம் முடங்கியது. உபரியாக இருந்த கண்ணாடி ஸ்விஃப்ட்டில் ஏறியது. கேமராவின் மின்னணுச் சில்லு, ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிக்காக உருவான ரகம். கேமராவைச் செய்தது பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம். நம் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் கேமரா அங்கிருந்துதான் வந்தது. பணம் அளவோடு இருந்ததால்தான், ஏற்கெனவே தேறிய கருவிகளை அவர்கள் தேடிப் போனார்கள். அந்தத் தேர்வில் இருக்கும் புத்திசாலித்தனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

2004 நவம்பர் 20 அன்று ஸ்விஃப்ட் ஏவப்பட்டது. சில வாரங்களிலேயே கேமராவின் குளிரூட்டி பழுதானது. மைனஸ் 100 டிகிரியில் இயங்க வேண்டிய சில்லு அது. வெப்பத்தை வெளியேற்றும் தகடு குளிர்ந்த வானத்தையே பார்க்கும்படி, எந்த நேரத்தில் எந்தத் திசையை நோக்குவது என்று குழுவினர் நாள்தோறும் அட்டவணை போட்டுச் சமாளித்தார்கள். தொலைநோக்கி பிழைத்தது.

பலன் சீக்கிரமே கிடைத்தது. 2005 மே 9 அன்று குறுகிய நேரமே நீடிக்கும் வகை வெடிப்பு ஒன்றின் பின்னொளி முதன்முறையாகச் சிக்கியது. நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் இவை நேரலாம் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. 2009 ஏப்ரல் 23 அன்று கண்ட வெடிப்பின் ஒளி, பிரபஞ்சத்துக்குச் சுமார் 63 கோடி வயதானபோதே புறப்பட்டது. உலகின் எந்த வானியலாளரும் அவசரமாக ஒரு விண்மீனைப் பார்க்கக் கேட்கலாம் என்ற வசதியையும் ஸ்விஃப்ட் தந்தது. என் கணக்கில், அதன் கண்டுபிடிப்புகளுக்குச் சமமான கொடை இது.

கெரல்ஸ் 2017-ல் மறைந்தார். மறுவருடம் ஸ்விஃப்ட்டுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இரண்டாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய கருவி இருபதாண்டைத் தாண்டியது. ஆனால் சூரியனின் சீற்றம் உச்சத்தில் இருந்ததால் மேல் வளிமண்டலம் விரிந்து, அதன் சுற்றுப்பாதை வேகமாகத் தாழ்ந்தது. மேலே ஏற அதனிடம் உந்து எஞ்சின் கிடையாது. அதைப் பிடித்து உயர்த்தும் தானியங்கி விண்கலம் ஒன்றை அனுப்ப, 2025 செப்டம்பரில் கட்டலிஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நாசா 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

(அடுத்த வாரம்: இதே மிடெக்ஸ் வரிசையில், வேற்றுக் கோள்களைத் தேடும் டெஸ்)