ஈரத்தில் நின்றுபோகும் சக்கரம்

மரக்காணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உப்பளத்தை ஒட்டி வீடு. தாத்தா வாங்கிய அன்சோனியா சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டதாம். வைத்துக்கொள்வதா, காயலான் கடைக்குப் போடுவதா என்று கேட்கிறார். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அந்த அமெரிக்கக் கடிகாரத்தின் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1772-ல் பிறந்தவர் ஈலை டெர்ரி என்ற கடிகாரக் கைவினைஞர். அங்கே அப்போது பித்தளைக்குத் தட்டுப்பாடு, மரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் கடிகாரத்தின் உள்வேலையான பொறியையே மரத்தில் செய்தார்கள்: பற்சக்கரம் செர்ரி மரம், அதைத் தாங்கும் பலகை ஓக். கையால் நாலைந்தாகச் செய்துவந்த தொழிலில், மூன்றே ஆண்டில் 4,000 பொறிகள் தருவதாக 1806-ல் டெர்ரி ஒப்பந்தம் போட்டார். தண்ணீர் விசையில் ஓடும் இயந்திரங்களை முதலில் அமைத்தார். பிறகு ஒரே அளவில் சக்கரங்கள் வந்து விழுந்தன. எதை எடுத்து எந்தக் கடிகாரத்தில் மாட்டினாலும் பொருந்தும்! சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

எனக்கு ஆசை தீராதது அந்த மரச்சக்கரத்தின் மேல்தான். ஈரம் அதற்கு ஆகாது. ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகுவதுபோல, பற்கள் உப்பிச் சக்கரம் நின்றுவிடும். கப்பலில் அனுப்பினால் கடற்காற்றே கெடுத்துவிடும். டெர்ரியிடம் வேலை பார்த்த சான்சி ஜெரோம் மலிவான பித்தளைப் பொறியைக் கொண்டுவந்த பிறகுதான், 1842-ல் அந்தப் பித்தளைக் கடிகாரங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. டெர்ரியின் மகன் சைலஸ், சுருள்வில்லைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே குடும்பத்துத் தியோடர் டெர்ரி, 1850-ல் அன்சோனியா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

உங்கள் கடிகாரத்தின் பித்தளைச் சக்கரம் உப்பாது. ஆனால் உப்புக்காற்று எஃகை விடாது. சுருள்வில்லும் அச்சுமுனையும் துருவேறும். பலர் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். கடிகார எண்ணெய் அச்சுமுனைக்கு ஒரு சொட்டு போதும், பற்களுக்கு வேண்டவே வேண்டாம். இதைவிடக் கொடுமை, பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேட்டரி மிஷினைப் பொருத்துவது. நூறாண்டு ஓடக்கூடிய வேலைப்பாட்டைச் சில நூறு ரூபாய்க்காகக் குப்பையாக்குகிறோம்.

அன்சோனியா தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1929-ல் சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்டுவிட்டன. போன பாகம் கிடைக்காவிட்டால் யாராவது கையால்தான் கடைந்து தரவேண்டும். ஆகவே பெண்டுலக் கடிகாரம் பழகிய கை எது என்று விசாரித்து, அவரிடம் மட்டும் கொடுங்கள்.