டி.பி.யா, சார்காய்டோசிஸா?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் மட்டும் இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். மஞ்சள் காமாலை இல்லை, குடிப்பழக்கம் இல்லை, ஸ்கேனில் பித்தக்குழாய் அடைப்பும் இல்லை. அசதி, அரிப்பு, கொஞ்சம் எடை குறைவு, அவ்வளவுதான். கல்லீரல் சார்காய்டோசிஸ் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. சிலருக்கு அதுகூட இல்லை.

எதிர்ப்பு அணுக்கள், காரணம் பிடிபடாமல், சிறு முடிச்சுகளாகத் திரளும் நோய் இது. அந்த முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ நெஞ்சிலுள்ள நிணநீர்க் கட்டிகளிலோ அது இருக்கும். பயாப்ஸி செய்தால் பாதிப் பேருக்காவது கல்லீரலிலும் தென்படும். தொந்தரவு வருவது சிலருக்கே.

சிக்கல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் தொடங்குகிறது. ஊசியில் வரும் துணுக்கு நூல் போல மெலிதாக, இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடத்தையொட்டி வெளிறிய அணுக்கள் வட்டம் கட்டி நிற்பதும், இடையே பல உட்கருக்கள் கொண்ட ராட்சத அணுவும் தெரியும். டி.பி. என்றால் வட்டத்தின் நடு செத்துக் குழைந்திருக்க வேண்டும்; சார்காய்டோசிஸில் அப்படி இராது. பாடப்புத்தகம் சொல்வது இது. நிஜத்தில் கல்லீரல் டி.பி.யிலும் நடு குழையாமலே இருக்கலாம், கிருமி சாயத்தில் சிக்காமலும் போகலாம்.

டி.பி. மலிந்த நம் நாட்டில், "கிரானுலோமா" என்ற ஒரே வார்த்தையை நம்பி மாத்திரை தொடங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. டி.பி. இருப்பவருக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். சார்காய்டோசிஸ்காரருக்கு டி.பி. மருந்து கொடுத்தாலோ, ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஏற்கெனவே நொந்த கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அதனால் நெஞ்சு சி.டி. எடுக்க வேண்டும், நிணநீர்க் கட்டி வீங்கியிருந்தால் அங்கிருந்தும் துணுக்கு எடுத்து டி.பி. கிருமி உண்டா என்று ஜீன்எக்ஸ்பர்ட்டும் கல்ச்சரும் பார்க்க வேண்டும். பித்தக்குழாயைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், நிணநீர்ப் புற்று, சாப்பிடும் மருந்துகள் என எல்லாவற்றையும் விலக்கிய பிறகே முடிவுக்கு வரலாம். ரத்தத்தில் பார்க்கும் ஏ.சி.இ. என்ற என்சைமின் அளவு துணைச் சாட்சிதான்.

தொந்தரவு இல்லாதவருக்கு மருந்தே வேண்டாம். ரத்தப் பரிசோதனையோடு கண்காணித்தால் போதும். காமாலை, விடாத அரிப்பு, கல்லீரல் செயல்பாடு சரிவது என்று போனால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். அது உள்ளே போகும்வரை சர்க்கரையும் எலும்பும் கவனிக்கப்பட வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாதவர்களுக்கு அசதியோபிரின் உண்டு. அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் சிலருக்கு அரிப்பைத் தணிக்கிறது. சிரோசிஸ் வராமலே கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறலாம். அந்த அறிகுறி இருந்தால் எண்டோஸ்கோப்பி அவசியம். கல்லீரல் மாற்று வரை போவது அரிது.

இந்த நோய் கண்ணையும் இதயத்தையும் தாக்கலாம் என்பதால் கண் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் விட்டுப்போகக் கூடாதவை. அசதிக்கு என்று கடையில் வைட்டமின் டி வாங்கிச் சாப்பிடவும் கூடாது. கிரானுலோமாவே அதை வீரியமாக்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடலாம், சிறுநீரகம் கெடலாம்.