கொழுக்கட்டைக்குக் காத்திருக்கும் குழந்தை, சாக்லேட்டுக்கு ஏன் அடம்பிடிக்கிறது?

விநாயகர் சதுர்த்தி காலை. இட்லிப் பானையிலிருந்து பூரணக் கொழுக்கட்டை வாசனை வீடு முழுக்கப் பரவுகிறது. நான்கு வயதுக் குழந்தை சமையலறை வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறது. "சாமி கும்பிட்டுட்டுத்தான்" என்று பாட்டி ஒருமுறை சொன்னால் போதும். அரை மணி நேரமோ, முக்கால் மணி நேரமோ அது காத்திருக்கிறது. இடையில் பத்து முறை "சாமி கும்பிட்டாச்சா?" என்று கேட்கும். ஆனாலும் தட்டில் கை வைப்பதில்லை.

அதே குழந்தைதான் மறுநாள் மாலை மளிகைக் கடையில் சாக்லேட்டுக்காகத் தரையில் விழுந்து புரள்கிறது. பில் போட நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "இந்த வயசுல இவ்வளவு அடமா?" என்று யாரோ ஒருவர் கேட்காமலே கருத்துச் சொல்கிறார். அம்மாவுக்குக் கூனிக்குறுகிப் போகிறது. வாங்கிக் கொடுத்தால் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்பார்கள், அடித்தால் கல்நெஞ்சக்காரி என்பார்கள்.

பொறுமை சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு, சிலருக்கு இல்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. "பெரியவன் சாது, சின்னவன் வாலு" என்று இரண்டு வயதிலேயே முத்திரை குத்தியாகிவிடும். ஆனால், கொழுக்கட்டைக்குக் காத்திருந்ததும் சாக்லேட்டுக்குப் புரண்டதும் ஒரே குழந்தைதானே?

ஒரு மிட்டாய், பதினைந்து நிமிடம்

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் நர்சரி பள்ளியில், வால்டர் மிஷெல் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நான்கைந்து வயதுக் குழந்தை முன்னால் பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயோ பிஸ்கெட்டோ வைக்கப்படும். உடனே வேண்டுமென்றால் ஒன்று. ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு.

மிஷெலின் மூன்று மகள்களும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் வளர்ந்த பிறகு, 'உங்கள் பழைய நண்பர்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள்?' என்று சாப்பாட்டு மேஜையில் விசாரிக்கப் போய்த்தான், அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் யோசனையே அவருக்கு வந்தது. அதிக நேரம் காத்திருந்தவர்கள் பிற்பாடு தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று 1990-ல் வெளியான கட்டுரை சொன்னது. உடனே உலகம் முழுக்கப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகள் முன்னால் மிட்டாயை வைத்துச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவ்வளவு பதறத் தேவையில்லை. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அதுவும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. எனவே, நான்கு வயதில் மிட்டாயைப் பிடுங்கித் தின்ற குழந்தையின் எதிர்காலம் அங்கேயே முடிவாகிவிடுவதில்லை.

மிஷெலின் சோதனையில் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜெயித்த குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயையே முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். 'அதை ஒரு வெள்ளை மேகம் என்று நினைத்துக்கொள்' என்று சொல்லிக்கொடுத்தபோது இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதாவது, காத்திருப்பது ஒரு வித்தை. சொல்லிக்கொடுத்தால் வரும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு "கையைக் காலை ஆட்டாம சும்மா இரு" என்று சொல்வது குழந்தைக்குக் கொடுக்கிற மிகக் கஷ்டமான வேலை. 'சும்மா இருப்பது' எப்படி என்று அதற்குத் தெரியாது. "நம்ம டோக்கன் பன்னிரண்டு. இப்ப எட்டுதான் போயிருக்கு, இன்னும் எத்தனை பேர் எண்ணு" என்றாலோ, "ஜன்னல்ல பாரு, அஞ்சு ஆட்டோ வர்றதுக்குள்ள கூப்பிடறாங்களான்னு பார்ப்போம்" என்றாலோ அதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

"நாளைக்கு வாங்கித் தர்றேன்"

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 2012-ல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அது.

மிட்டாயைக் காட்டுவதற்கு முன்பே குழந்தைகளுக்குப் படம் வரையப் பழைய கிரேயான்களைக் கொடுத்தார்கள். 'கொஞ்சம் காத்திருந்தால் இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்' என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, 'மன்னிச்சுக்கோ, இல்லையாம்' என்றார். ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கதை. அதன் பிறகுதான் மிட்டாய்.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். முதல் குழுவின் 14 பேரில் 9 பேர் கடைசிவரை, அதாவது 15 நிமிடமும், மிட்டாயைத் தொடவில்லை. இரண்டாவது குழுவில் அப்படி இருந்தது ஒரே ஒரு குழந்தை.

ஏமாந்த குழந்தைகள் பொறுமை இல்லாதவர்களா? கிடையாது, புத்திசாலிகள். சொன்னபடி நடக்காத பெரியவரை நம்பிக் கையில் இருப்பதை விடுவானேன் என்று கணக்குப் போட்டவர்கள். மூன்று நான்கு வயதில்!

இப்போது நம் ஊர் வீடுகளுக்கு வரலாம். ஒரு நாளில் குழந்தையிடம் சொல்லப்படும் வாக்குறுதிகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். "அழாம இரு, நாளைக்கு வாங்கித் தர்றேன்." "சாப்பிட்டு முடி, பீச்சுக்குப் போகலாம்." "அப்பா இப்போ வந்துடுவேன்டா கண்ணா." பெரும்பாலும் இவை அந்த நேரத்து அழுகையை நிறுத்தச் சொல்லப்படுபவை. சொன்னவருக்குப் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். கேட்ட குழந்தைக்கு மறக்காது.

பூச்சாண்டியும் இதே கணக்கில்தான் வருகிறார். "போலீஸ்காரர் பிடிச்சுட்டுப் போயிடுவார்" என்று சொல்லி அவர் வராத ஒவ்வொரு முறையும், பெரியவர்களின் வார்த்தைக்கு மதிப்பு குறைகிறது. "ஊசி வலிக்கவே வலிக்காது" என்பதும் அப்படித்தான். "வலிக்கும். ஆனா, பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், சேர்ந்து எண்ணலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அழத்தான் செய்யும். ஆனால், அடுத்த முறை உங்கள் வார்த்தையை நம்பிக் கையை நீட்டும்.

மளிகைக் கடை பிரச்னைக்கும் தீர்வு வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. செருப்பு மாட்டும்போதே, "இன்னிக்கு அரிசி, பருப்பு மட்டும்தான். சாக்லேட் சனிக்கிழமை" என்று சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை வந்தால், குழந்தை மறந்திருந்தாலும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'மறந்துடுச்சு, நல்லதாப் போச்சு' என்று நிம்மதி வேறு. நான்கு சனிக்கிழமை தவறாமல் கிடைத்தால், ஐந்தாவது வாரம் 'சனிக்கிழமை' என்ற வார்த்தைக்கே ஒரு பலம் வந்துவிடும்.

கூட்டுக் குடும்பத்தில் இது இன்னும் சிக்கல். அம்மா 'இல்லை' என்றதை, தாத்தா பெட்டிக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அவர் பாசத்தில் செய்வதுதான். குழந்தை முன்னாலேயே அதற்குச் சண்டை போட்டால் எல்லோருக்கும் நஷ்டம். "அத்தை, சாயங்காலம் ஒண்ணுதான்னு சொல்லியிருக்கேன். அதை நீங்களே உங்க கையால குடுத்துடுங்க" என்று மாமியாரிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கலாம். கொடுக்கும் சந்தோஷம் பாட்டிக்கு, விதி மீறாத நிம்மதி அம்மாவுக்கு.

எதற்குப் பழகியிருக்கிறதோ, அதற்குக் காத்திருக்கும்

கொழுக்கட்டை விஷயத்துக்கு விடை ஜப்பானிலிருந்து கிடைத்தது. 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஜப்பானியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். தின்பண்டம் வைத்தபோது ஜப்பானியக் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். வண்ணத்தாள் சுற்றிய பரிசுப் பொட்டலத்தை வைத்தபோது அமெரிக்கக் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகே சாப்பிடத் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பரிசைப் பிரிக்காமல் காத்திருப்பது வழக்கம். அந்தந்த வீட்டுப் பழக்கம் எதற்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததோ, அதற்குக் குழந்தை காத்திருந்தது.

பாட்டி கொழுக்கட்டைக்காக எந்த வகுப்பும் எடுக்கவில்லை. உப்புக்கூடப் பார்க்காமல் அவரே பண்டிகைச் சமையல் செய்வதைக் குழந்தை பார்க்கிறது. அப்பாவும் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. காத்திருப்பு அந்த வீட்டுக்கே பொதுவானது. கடையில் மட்டும், பெரியவர்கள் ஆசைப்பட்டதை எல்லாம் கூடையில் போட்டுக்கொண்டே போக, குழந்தை தனியாகப் பொறுமை காக்க வேண்டியிருக்கிறது.

தினமும் ஒருவேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எல்லார் தட்டிலும் சாதம் விழுந்த பிறகு சாப்பிடத் தொடங்கும் வீட்டில் காசு செலவில்லாத பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. அப்பா போனோடு சோபாவில் தனியாகச் சாப்பிட்டால் அது நடக்காது.

போன் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், வெளியூரில் இருக்கும் உறவினர்களோடு எப்போதாவது வீடியோ கால் பேசலாம், இரண்டு முதல் ஐந்து வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். நேரக் கணக்கைவிட முக்கியம், அழுகையை நிறுத்தும் மருந்தாகப் போனைக் கொடுக்காமல் இருப்பது. அழுது, அடங்கி, தானாக ஆறும் அனுபவமே குழந்தைக்குக் கிடைக்காமல் போய்விடும்.

கை ஓங்கும்போது

"தம்பியை அடிப்பியா? அடிப்பியா?" என்று கேட்டுக்கொண்டே மூத்தவனுக்கு இரண்டு அடி விழுவதைப் பார்க்காத தெரு இல்லை. பலம் உள்ளவர் அடிக்கலாம் என்ற பாடம் மட்டும் இதில் தெளிவாகப் பதிகிறது.

உணர்ச்சியை அடக்கி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகிறது. நான்கு வயதுப் பிள்ளை கோபத்தின் உச்சத்தில் இருக்கும்போது உபதேசம் காதில் ஏறாது. அப்போது செய்ய வேண்டியது, ஓங்கிய கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்வது. குரலை உயர்த்தாமல். பிறகு, "நீ கட்டினதை அவன் தட்டிவிட்டுட்டான்னு கோபமா?" என்று அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுப்பது. கோபம், எரிச்சல், பொறாமை, ஏக்கம், ஏமாற்றம், வெட்கம் என்று தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. வாயால் சொல்லத் தெரியாததைத்தான் பிள்ளைகள் கையாலும் பல்லாலும் சொல்கிறார்கள். அறிவுரை எல்லாம் ராத்திரி படுக்கும்போது, இரண்டு வாக்கியத்தில்.

"அம்மாவுக்கு இப்போ ரொம்பக் கோபமா இருக்கு. தண்ணி குடிச்சுட்டு வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா நகர்ந்தால், அதையும் குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

பகிர்ந்துகொள்வதிலும் அவசரம் கூடாது. விருந்தினர் வீட்டுப் பிள்ளை வந்ததும் புதுப் பொம்மையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு "ஷேர் பண்ணணும்" என்றால், அது பறிமுதல். அவர்கள் வருவதற்கு முன்பே, "எதை பீரோவுல எடுத்து வைக்கலாம், எதையெல்லாம் சேர்ந்து விளையாடலாம்?" என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லப் பழக்குவது நல்லது. ஆனால், அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையை இழுத்து, "மாமாவுக்கு முத்தம் குடு" என்று கட்டாயப்படுத்துவது மரியாதைப் பயிற்சி ஆகாது. தன் உடம்பைத் தொட வருபவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியமும் குழந்தைக்குத் தேவை.

எல்லா அடமும் வளர்ப்பினால் வருவதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துப் பேசாதது, வயதுக்கேற்ற பேச்சு வராதது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவை இருந்தால் 'போகப்போகச் சரியாயிடும்' என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றை ஆரம்பத்திலேயே கண்டறியும் மையங்கள் அரசு மருத்துவமனைகளிலும் இயங்குகின்றன.

தாயம் விழும்வரை

பொறுமைக்கென்று தனி வகுப்புகளுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள், வீட்டுப் பரணில் இருப்பதை ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம். 'ஸ்டாச்சு' என்றதும் அசையாமல் நிற்பது, உடம்பை அடக்கும் பயிற்சி. கண்ணாமூச்சியில் இருபது எண்ணும்வரை கண்ணைத் திறக்காமல் இருப்பதும் அதுவே. தாயக்கட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காயையே இறக்க முடியும். மற்றவர்கள் மலை ஏறிக்கொண்டிருக்க, தன் முறைக்காகக் காத்திருந்து, உருட்டி, விழாமல், மறுபடி காத்திருக்க வேண்டும். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் இதை விரும்பியே செய்கிறார்கள். பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த காயை அத்தை வெட்டிவிட்டால், முதல் நாள் காய்களைக் கலைத்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போகும். போகட்டும், துரத்திப் போய்ச் சமாதானம் செய்ய வேண்டாம். கட்டத்தை அழிக்காமல் விட்டுவைத்தால், மறுநாள் சாயங்காலம் தானாகவே தாயக்கட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்.