ஹீட்டர் வாங்கும் முன் ஒரு ஒர்க் ஷீட்!

ஊட்டியில் மழை ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி விழும். பின்னாலேயே உறைபனி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் பார்த்தால் புல்வெளி உப்பு கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். வீட்டுக்குள் தரையில் கால் வைக்க முடியாது.

உடனே என்ன செய்கிறோம்? கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே பெரிய ஹீட்டரா கொடுங்க" என்கிறோம். அடுத்து வரும் கரண்ட் பில்லைப் பார்த்ததும் ஹீட்டர் பரணுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பதிலாகச் சிலர் கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வந்து வைக்கிறார்கள். பில் பணத்தை மட்டும்தான் கேட்கும். கரி அடுப்பு உயிரையே கேட்டுவிடும். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க, உங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் உதவும். ஊட்டி மட்டுமல்ல, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறை வாசகர்களுக்கும் இதே கணக்குதான். சமவெளியில் இருப்பவர்கள் இதை ஒர்க் ஷீட் பழகும் பயிற்சியாக எடுத்துக் கொள்ளலாம்.

என்ன தேவை?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் போதும். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து நிறுவிக் கொள்ளலாம். கீழே சொல்லும் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல வேலை செய்யும். கூடவே ஒரு அளவு டேப், ஒரு தெர்மாமீட்டர், கடைசியாக வந்த கரண்ட் பில் ஆகியவற்றை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் ஷீட்: சூடு எந்த வழியாக ஓடுகிறது?

அறைக்குள் உள்ள சூடு சுவர், கூரை, ஜன்னல் என்று எல்லாவற்றின் வழியாகவும் வெளியே போகிறது. எவ்வளவு போகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பரப்பை (சதுர மீட்டரில்) அந்தப் பொருளின் இழப்பு எண்ணால் பெருக்க வேண்டும். அதை உள்ளே-வெளியே வெப்ப வித்தியாசத்தால் மீண்டும் பெருக்க வேண்டும். விடை வாட்டில் கிடைத்திடும்.

இழப்பு எண்கள் தோராயமாக இவை: சீலிங் இல்லாத தகரக் கூரைக்கு 7, ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு 5.5, பூச்சு உள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 2, பலகை சீலிங் அடித்த தகரக் கூரைக்கு 2.5.

இப்போது புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் ஏ முதல் ஈ வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பகுதி, பரப்பு, எண், வித்தியாசம், வாட். உதாரணத்திற்கு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக் கொள்வோம். இரண்டு சுவர்கள் வெளிப்பக்கம் உள்ளன. ஜன்னல் 2 சதுர மீட்டர். வெளியே 3 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும். எனவே வித்தியாசம் 15.

இரண்டாவது வரிசை: கூரை, 12, 7, 15.
மூன்றாவது வரிசை: சுவர், 19, 2, 15.
நான்காவது வரிசை: ஜன்னல், 2, 5.5, 15.

அடுத்து ஈ2 செல்லில் கிளிக் செய்து சமக் குறி (=) போடுங்கள். பி2 செல்லைக் கிளிக் செய்து நட்சத்திரக் குறி (*) போடுங்கள். சி2 செல்லைக் கிளிக் செய்து மீண்டும் நட்சத்திரக் குறி போட்டு, டி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டரில் பெருக்கலுக்கு நட்சத்திரக் குறிதான். 1260 என்று விடை தெரியும். ஈ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னக் கட்டத்தை மவுஸால் பிடித்து ஈ4 வரை இழுங்கள். சுவருக்கு 570, ஜன்னலுக்கு 165 என்று தானே நிரம்பிவிடும். ஈ5 செல்லில் ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் மொத்தம் 1995 வாட்.

இந்த அறைக்கு 2000 வாட் ஹீட்டர் தேவைப்படுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அதில் 1260 வாட் தகரக் கூரை வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. நாம் வழக்கமாக முதலில் செலவு செய்வது ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கத்தான். ஜன்னல் வழியாகப் போவதோ 165 வாட் மட்டுமே!

இனி சி2 செல்லில் உள்ள 7ஐ அழித்துவிட்டு 2.5 என்று டைப் செய்யுங்கள். அதாவது கூரைக்கு அடியில் பலகை சீலிங் அடித்துவிட்டோம். கூரை இழப்பு 450 ஆகவும் மொத்தம் 1185 ஆகவும் குறைவதைப் பார்க்கலாம். ஒர்க் ஷீட்டின் அருமை இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தானே மாறிவிடும். பணம் செலவழிக்காமலே வீட்டை மாற்றிப் பார்க்கலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலும் சுமார் 100 வாட் சூட்டைத் தரும். இரண்டு பேர் இருந்தால் 200. ஆகவே சீலிங் அடித்த அறைக்கு 1000 வாட் ஹீட்டர் போதும்.

இடுக்குகளில் புகும் காற்று இந்தக் கணக்கில் இல்லை. 90 செ.மீ. அகலமுள்ள கதவின் அடியில் 1 செ.மீ. இடைவெளி இருந்தால் அது 90 சதுர செ.மீ. சுவரில் 9 செ.மீ.க்கு 10 செ.மீ. ஓட்டை போட்டு வைத்ததற்குச் சமம். பழைய புடவையை நீளமாகச் சுருட்டித் தைத்துக் கதவடியில் போட்டால் செலவே இல்லாமல் இது அடைபடும். ஆனால் கேஸ் அடுப்பு உள்ள சமையலறை, கேஸ் கீசர் உள்ள குளியலறை இவற்றின் வென்டிலேட்டரை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

இரண்டாவது ஷீட்: எத்தனை யூனிட்?

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் புதிய ஷீட் வரும். சாதனம், வாட், ஒரு நாளைக்கு மணி, நாட்கள், யூனிட் என்று தலைப்பிடுங்கள். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எனவே ஈ2 செல்லில் பி2, சி2, டி2 மூன்றையும் முன்பு போலப் பெருக்கி, சாய்வுக் கோடு (/) போட்டு 1000 என்று முடியுங்கள்.

நம் உதாரண வீட்டில் ஹீட்டர் 2000 வாட், தினம் 4 மணி நேரம், 60 நாட்கள்: 480 யூனிட். கீசர் 2000 வாட், தினம் 1 மணி நேரம்: 120 யூனிட். விளக்கு, டி.வி., பிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 200 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 800 யூனிட். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் அறை சூடானதும் நின்று நின்று ஓடும். அதனால் இதை உச்ச அளவாக எடுத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது ஷீட்: 500 என்ற கோடு

பலரும் கவனிக்காத இடம் இது. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண மாற்றத்தின்படி, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை கிடைத்த அந்த ரூ. 2.25 சலுகை போய்விடும். அதற்கும் ரூ. 4.50தான். அதற்கு மேல் 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9.

அதாவது 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது. ஆகவே கணக்குப் போடும்போது உங்கள் கையில் உள்ள பில்லின் விகிதங்களையும் படிகளையும் போட்டுக் கொள்ளுங்கள். கணக்கிடும் முறை புரிய 2022 விகிதமே போதும்.

மொத்த யூனிட்டை ஏ2 செல்லில் டைப் செய்யுங்கள். பிறகு உங்கள் மொத்தம் எந்தப் படியில் வருகிறதோ அந்தக் கணக்கை பி2 செல்லில் போடுங்கள்.

401 முதல் 500 வரை: மொத்தத்தில் 400ஐக் கழித்து, 6ஆல் பெருக்கி, 1125ஐக் கூட்டுங்கள்.
501 முதல் 600 வரை: 500ஐக் கழித்து, 8ஆல் பெருக்கி, 1950ஐக் கூட்டுங்கள்.
601 முதல் 800 வரை: 600ஐக் கழித்து, 9ஆல் பெருக்கி, 2750ஐக் கூட்டுங்கள்.

கழித்தலை அடைப்புக் குறிக்குள் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் கம்ப்யூட்டர் பெருக்கலை முதலில் செய்து தவறான விடை தந்துவிடும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

இனி நம் உதாரண வீட்டை மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

பழைய நிலை: 800 யூனிட். பில் ரூ. 4,550.

சீலிங் அடித்து, 1000 வாட் ஹீட்டரை 4 மணி நேரம் போட்டால்: ஹீட்டருக்கு 240, மொத்தம் 560 யூனிட். பில் ரூ. 2,430.

ஹீட்டரை 3 மணி நேரமாகக் குறைத்து, படுக்கைக்கு இரண்டு வெந்நீர்ப் பை: இரண்டு லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்க 0.135 யூனிட் போதும். தினம் இரண்டு பைக்கு 60 நாளில் 16 யூனிட். மொத்தம் 516. பில் ரூ. 2,078. அடடா, கோட்டை 16 யூனிட்டில் தாண்டிவிட்டோமே!

அந்த 16 யூனிட்டை எங்கே பிடிப்பது? நம் கம்ப்யூட்டரிலேயே பிடிக்கலாம். சுமார் 80 வாட் எடுக்கும் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் தினம் 4 மணி நேரம் யாரும் தொடாமல் ஓடிக் கொண்டிருந்தால் 60 நாளில் 19 யூனிட். பவர் செட்டிங்ஸில் 10 நிமிடம் சும்மா இருந்தால் ஸ்லீப் நிலைக்குப் போகும்படி அமைத்துவிட்டால் இந்தச் செலவு கிட்டத்தட்ட நின்றுவிடும். மொத்தம் 497 யூனிட். பில் ரூ. 1,707.

சீலிங் வேலைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் இதே ஷீட் சொல்லும். சீலிங்கும் சின்ன ஹீட்டரும் ஒரு பில்லில் மிச்சப்படுத்தியது 2,120 ரூபாய். ஒரு குளிர்காலத்துக்கு இரண்டு பில் என்றால் 4,240. ஆசாரி 12,000 ரூபாய் கேட்டால் அதை 4,240ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று குளிர்காலத்துக்குள் பணம் திரும்பிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தெர்மகோலை மட்டும் திறந்தபடி ஒட்டாதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது.

எந்தக் கணக்குக்கும் அடங்காதது

கரி அடுப்புக்கு யூனிட் கணக்கு கிடையாது. ஆனால் மூடிய அறைக்குள் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் கலந்து ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. மலை ஊர்களில் அறைக்குள் கரியைக் கனலவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாம் ஒருமுறை மட்டும் படித்ததில்லை. புகை அடங்கிவிட்டது, கனல்தானே என்று நினைக்காதீர்கள். கனலும் அதே வாயுவைத்தான் தரும். பார்பெக்யூ அடுப்புக்கும் இது பொருந்தும்.

மின்சார ஹீட்டரிலும் கவனம் தேவை. 2000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதை 15 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று அதே எக்ஸ்டென்ஷன் போர்டிலோ, யு.பி.எஸ்.ஸிலோ மாட்டாதீர்கள். ஒயர் உருகும், யு.பி.எஸ். கெடும். போர்வை, திரையிலிருந்து ஹீட்டரை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். அதற்குத்தான் வெந்நீர்ப் பை.

முடிந்ததும் கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி, 'குளிர்' என்ற பெயரில் பைலை சேவ் செய்யுங்கள். ஒவ்வொரு பில் வரும்போதும் யூனிட்டையும் தொகையையும் அதில் ஒரு வரிசையாகப் பதிந்து வாருங்கள். அடுத்த குளிர்காலத்தில் கடைக்காரர் "எத்தனை வாட் வேண்டும்?" என்று கேட்டால், உங்களிடம் பதில் தயாராக இருக்கும்.