பூத்து ஓய்ந்த ஆர்க்கிட் செடி மீண்டும் பூக்க

திருமண வீட்டிலோ புதுமனை புகுவிழாவிலோ பரிசாகக் கிடைத்த ஆர்க்கிட் தொட்டி ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்திலும் இருக்கலாம். வந்த புதிதில் இரண்டு மூன்று மாதங்கள் வாடாமல் பூத்திருக்கும். பூக்கள் உதிர்ந்தபின் ஆண்டு இரண்டானாலும் இலையைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை. செடி ஓய்ந்துவிட்டது என்றெண்ணி, பல நூறு ரூபாய் பெறும் தொட்டியைப் பலர் குப்பைக்குழியில் போட்டுவிடுகின்றனர். இலைகள் தடித்துப் பசுமையாக இருக்கும்வரை அவ்வாறு செய்ய வேண்டியதில்லை.

தொட்டிகளில் விற்பனையாவது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் என்னும் வகையாகும். இதன் பூ அந்துப்பூச்சியை ஒத்திருப்பதால் 1825-ஆம் ஆண்டு புளூமே என்ற தாவரவியல் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரங்களைப் பற்றி வளரும் செடி இது, ஒட்டுண்ணி அன்று. வெப்ப நாட்டுச் செடியாதலால் நம் ஊர் வெப்பத்தில் தானே பூக்கும் என நினைப்பது இயல்பு. சிக்கல் இங்குதான் உள்ளது. இலை வளர வெப்பம் வேண்டும். பூந்தண்டு எழக் குளிர்ச்சி வேண்டும். வெப்பநிலை 28 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால் செடி இலைவிட்டுக் கொண்டேயிருக்கும்.

பகல் குளிர்ச்சியே முக்கியம்

இரவு குளிர்ந்தால் போதும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது முழுதும் சரியன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பகலில் 29 டிகிரி வெப்பம் இருந்தால், இரவு குளிர்ந்தாலும் பூந்தண்டு எழுவது பெரும்பாலும் தடைப்படுகிறது.

இதனால்தான் மார்கழிப் பனியில் திண்ணையில் வைத்த தொட்டியும் சமவெளியில் ஏமாற்றிவிடுகிறது. நண்பகலில் வெப்பம் 29, 30 டிகிரியைத் தொட்டுவிடுகிறதல்லவா? இரவில் மட்டும் குளிர்சாதனம் இயங்கும் படுக்கையறையும் பயன்படாது. பகல் முழுவதும் 24, 25 டிகிரியில் குளிர்சாதனம் இயங்கும் கடை அல்லது அலுவலக அறை இருந்தால், கார்த்திகை முதல் மாசி வரை தொட்டியை அங்கே வெளிச்சமான சன்னலோரம் வையுங்கள். குளிர்காற்று நேராகச் செடிமேல் படக்கூடாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் இலைக்கக்கத்தில் தண்டு தலைகாட்டும். வேரின் நுனி உருண்டு மழுங்கியிருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக மேல்நோக்கும். தண்டு ஒரு சாண் வளர்ந்தபின் கூடத்திற்குக் கொண்டுவரலாம். மலர சுமார் மூன்று மாதங்கள் பிடிக்கும்.

ஏற்காடு, குன்னூர்ப் பகுதி அன்பர்களுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் 10 டிகிரிக்குக் கீழ் இறங்கும் இரவுகளில் தொட்டி வீட்டினுள் இருக்கட்டும்.

பூக்க வைக்கும் 'டானிக்' என்று விற்பவற்றிற்குச் செலவு செய்ய வேண்டாம். பகல் வெப்பம் குறையாதவரை எதை ஊற்றியும் பயனில்லை.

நீரும் உரமும்

செடிக்கு மண் ஆகாது. மரக்கரி, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டைத்துண்டு கலந்து நட்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேர் வெள்ளிநிறமாக மாறினால் நீர் விடுங்கள். பச்சையாக இருந்தால் காத்திருங்கள். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரைவிட மழைநீர் மேல். குருத்தில் நீர் தங்கினால் அழுகல் நோய் வரும். ஆகவே காலையில் மட்டும் நீர் விடவும். 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, வளரும் பருவத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். இலை கரும்பச்சையாகத் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மஞ்சளித்துச் செம்மை படர்ந்தால் வெயில் மிகுதி.

பழைய தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து மூன்றாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம், கிளைத்துப் பூப்பதுண்டு. செடி நலிந்திருந்தால் அடியோடு நறுக்கிவிடுவதே நல்லது.

மொட்டு விட்டபின் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். வாழைத்தார் பழுக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும்.