ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள்

ஒரு ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைக்க, அதைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க வேண்டும். வயலுக்கு வரப்புப் போடுவது போன்ற வேலை இது. எது எதுவரை என்பதை டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு அட்டவணை சொல்கிறது. பழைய எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்குத்தான் இடம். இன்றைய ஜிபிடியில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை ஏற்கும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. அந்தமானிலோ லினக்ஸை இணையத்திலிருந்து இறக்குவதே வெகுகாலம் பெரும்பாடு. தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிறகே, பல ஜிபி அளவுள்ள உபுண்டு லினக்ஸ் கோப்பு எட்டும் பொருளானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு இரண்டையும் சேர்த்து வைக்கும் இந்த வழி இன்னும் பயன்படும்: இணையத்துக்கு லினக்ஸ், விட முடியாத மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ்.

முதலில் பேக்கப். அது வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. மின்சாரத்திலும் கவனம் தேவை. அந்தமான் தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது, பெருநிலத்து மின்தொகுப்போடு இணைப்பு இல்லை. பார்ட்டிஷன் அளவு மாறும் நடுவில் கரன்ட் போனால் கோப்புகள் சிதையக்கூடும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ், மடிக்கணினிக்கு முழு சார்ஜ் அவசியம்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அரைத்தூக்கத்தில் கிடக்கும் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெடும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, 50 ஜிபியாவது காலியாக விடுவது நல்லது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருந்தால் சுருக்கம் அங்கேயே நின்றுவிடும்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, அந்தக் காலியிடத்தில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் அமைக்கலாம். பலர் தவறுவது அடுத்த இடத்தில்தான். இஎஃப்ஐ என்ற சிறு பார்ட்டிஷன் இரண்டுக்கும் பொது. அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் எழாது. எல்லாம் சரியாக அமைந்தால், கணினி எழும்போது எது வேண்டும் என்று கிரப் பட்டியல் கேட்கும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கலாம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே காரணம். லினக்ஸில் ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகும். பின்னாளில் லினக்ஸை நீக்க நினைத்தால், பயாஸ் அமைப்பில் விண்டோஸை முதலிடத்துக்குக் கொண்டுவந்த பிறகே லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்க வேண்டும்.