குழந்தையின் முதுகைப் பார்த்தீர்களா?

புது தில்லி: பேரப்பிள்ளையைப் பார்க்கத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பாட்டிமார்கள் முதலில் கேட்பது நல்லெண்ணெயும் வெந்நீரும்தான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது அவர்கள் கண்ணுக்குத் தப்புவது ஒன்றுமில்லை. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கொத்து மயிர், ஒரு குழி, மெத்தென்ற ஒரு கட்டி. "மச்சம் மாதிரி, அதிர்ஷ்டம்தான்" என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்படி விட்டுவிடக் கூடாது.

தோலும் தண்டுவடமும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து பிரிந்து உருவாகின்றன. ஆகவே நடு முதுகில் தோன்றும் சில அடையாளங்கள் உள்ளே இருக்கும் குறையைக் காட்டிக் கொடுக்கும். தண்டுவடம் சாதாரணமாக இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு அதன் நுனி கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தை வளர வளர முதுகெலும்பு நீளும். கட்டுண்ட தண்டுவடம் இழுபடும். கால் பலவீனம், பாதம் வளைதல், சிறுநீர் அடங்காமை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும்.

எல்லா அடையாளமும் ஆபத்தல்ல. நம் குழந்தைகளின் இடுப்புக்குக் கீழே காணப்படும் நீலத் திட்டு பெரும்பாலும் தீங்கற்றது. வயது ஏற மறையும். பிட்டப் பிளவுக்குள்ளேயே இருக்கும் சிறு குழியும் அநேகமாக அப்படித்தான். பிளவுக்கு மேலே இருக்கும் குழியும், மயிர்க் கொத்தும், கட்டியுமே டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

<b>கைக்குழந்தைக்கு ஒரு சலுகை</b>

பிறந்த சில மாதங்கள் வரை முதுகெலும்பின் பின்புறம் முழுவதும் எலும்பாக இறுகியிருக்காது. அந்த இடைவெளி வழியாக அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடத்தைப் பார்த்துவிடலாம். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, கதிர்வீச்சும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் படம் நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்குப் பிறகு எலும்பு மறைத்துவிடும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் இந்தச் சலுகை கை நழுவிவிடும்.

<b>எக்ஸ்ரே மட்டும் போதாது</b>

1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. 1920-களிலிருந்து முதுகில் ஊசி போட்டு மருந்தைச் செலுத்தி, அதன் நிழலைப் படமெடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு அது பெரும் வேதனை. காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்த பிறகே தண்டுவடம் நேரில் தெரிந்தது. அந்தக் கருவி இந்தியாவில் முதன்முதலாக 1986-ல் நிறுவப்பட்டது இதே தில்லியில், திமார்பூரில் உள்ள 'இன்மாஸ்' என்ற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்தில்தான்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற பதிலோடு பெற்றோர் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அடையாளமோ தொந்தரவோ இருந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரைமணி, முக்கால்மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும்; கருவி 'டக டக' என்று பெரும் சத்தம் போடும். பால் குடித்த கைக்குழந்தை துணிச் சுற்றில் தூங்கிவிடும். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். எவ்வளவு நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டும். அரைஞாண், தாயத்து, கொலுசு, ஊக்கு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாயத்தைக் கழற்றப் பாட்டி மனம் ஒப்பமாட்டார். படம் முடிந்ததும் மீண்டும் கட்டிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

<b>அடிப்பதற்கு முன்</b>

படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திவிட்ட பிள்ளை மீண்டும் போக ஆரம்பித்தால் பிரம்பை எடுக்கிறோம். அதோடு நடை மாறியிருக்கிறதா, ஒரு செருப்பு மட்டும் தேய்கிறதா, மலச்சிக்கல் உண்டா, முதுகு வலிக்கிறது என்கிறானா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஏதாவது இருந்தால் குற்றம் பிள்ளையுடையதல்ல; தண்டுவடத்துடையதாக இருக்கலாம். முதுகு வலியோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால், முதுகெலும்பில் காச நோயா என்றும் பார்ப்பார்கள். நேற்று ஓடிய குழந்தைக்கு இன்று திடீரென்று கால் விழுந்தால், ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கலாகாது.

கட்டுண்ட தண்டுவடத்தை ஆபரேஷன் செய்து விடுவிக்கலாம். ஆனால் மேலும் கெடாமல் தடுப்பதுதான் அதன் முதல் பயன். போன பலம் முழுவதும் திரும்பும் என்று உறுதியில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்கள் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியிலும், ரயில்வே ஊழியர்கள் தங்கள் மருத்துவமனையிலும் காட்டிப் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கலாம். கூலி வேலை செய்வோருக்குக் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை, சஃப்தர்ஜங், எய்ம்ஸ் ஆகியவற்றின் வெளிநோயாளர் பிரிவுகள் இருக்கின்றன. ஹிந்தி சரளமாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம். குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினால், மிச்சத்தை டாக்டரே கேட்டுத் தெரிந்துகொள்வார்.